கல்லறை கண்டோர் நகர் கண்டிலர்

நம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் ஆண்டுதோறும் ஒரு காய்ச்சல் பரவுகிறது. அது கொசுவால் வருவதன்று, அறிவிப்புத் தாளால் வருவது. "திருத்தல யாத்திரை, உணவு, உறைவிடம் உட்பட" என்று வண்ணத்தில் அச்சிட்டு, ஒரு பக்கம் வேளாங்கண்ணி மாதாவும் மறு பக்கம் மயிலாப்பூர்ச் சாந்தோம் கோபுரமும் விளங்கப் படம் போட்டு, ரிங்லெட் கடைத்தெருவில் தூணுக்குத் தூண் ஒட்டிவிடுகின்றனர். ஒட்டிய மறுவாரமே லயங்களில் கூட்டுப் பணத்தை முன்கூட்டி எடுப்போரும், வட்டிக்கு வாங்குவோரும், காதுத் தோட்டைக் கழற்றுவோரும் கிளம்பிவிடுகின்றனர்.

இதைப் பற்றி நம்மவரிடையே இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சியார், "கல்லறையைத் தொட்டு முத்தமிட்டு ஒரு பிடி மண் கொண்டு வந்தால் பிறவிப் பயன் கிட்டிற்று, மற்றவையெல்லாம் வீண் பேச்சு" என்பர். மற்றக் கட்சியார், "இந்தச் சனங்களின் மூடத்தனத்திற்கு எல்லையே இல்லை, காசைக் கரியாக்கிவிட்டு வருகிறார்கள்" என்று உதட்டைப் பிதுக்குவர். முன்னவர் கண்ணை மூடிக்கொண்டு போகின்றனர். பின்னவர் கண்ணை மூடிக்கொண்டு போகாதிருக்கின்றனர். கண்ணை மூடுவதில் இருவரும் ஒருவரே. நாம் இவ்விரு கட்சியையும் மறுத்து எழுதத் துணிந்தோம். யாத்திரை கூடாது என்பது நம் வாதமன்று. யாத்திரையின் முடிவில் இருப்பது கல்லறை மட்டுமன்று, ஒரு நகரம். அந்நகரத்தைப் படிக்காமல் திரும்புகிறவன் அங்கே போகவே இல்லை என்பதுதான் நம் வாதம்.

முதலில் ஏளனக்காரர்க்கு விடை கூறுவோம். நம்மைப்போல் ஆங்கிலம் வழியே கற்று, தோட்டத்து ஆபீசில் நாற்காலி போட்டு அமர்ந்தவர்களே இக்கட்சியில் மிகுதி. இவர்கள் ஓய்வு வேளைகளில் என்ன செய்கிறார்கள்? ஸ்பெயின் நாட்டுச் சந்தியாகோ தே கொம்போஸ்தெலா நகருக்குத் தோளில் மூட்டையுடன் நடந்து செல்லும் வெள்ளையரின் படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். அந்நகரில் யாக்கோபு என்னும் அப்போஸ்தலரின் கல்லறை எனச் சொல்லப்படும் இடத்தின்மேல், 1075இல் தொடங்கி 1211இல் அபிஷேகம் செய்யப்பட்ட பேராலயம் ஒன்று இருக்கிறது. கடைசி 100 கிலோமீட்டரைக் காலால் நடந்து, வழியெல்லாம் முத்திரை குத்திய அட்டையைக் காட்டினால், இலத்தீன் மொழியில் ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். 2024ஆம் ஆண்டில் மட்டும் அங்குப் பதிவு செய்துகொண்ட யாத்திரிகர் ஏறத்தாழ 5 இலட்சம் பேர். 1985இல் அந்நகரை யுனெஸ்கோ உலக மரபுச் செல்வமாக ஏற்றது. 1987இல் அந்த வழியை ஐரோப்பிய மன்றம் தன் முதற் பண்பாட்டு வழியாக அறிவித்தது.

ஆகவே அது பண்பாடு! கொழுந்து பறித்த கையோடு ஒருத்தி தோமையார் கல்லறைக்குப் போனால் அது மட்டும் மூடத்தனம்! இதை எந்தத் தராசில் நிறுத்தார்கள்? சந்தியாகோவின் கல்லறை யாக்கோபு இறந்து எண்ணூறு ஆண்டுகள் ஆன பிறகு, ஒன்பதாம் நூற்றாண்டில், ஒரு துறவி வானில் ஒளி கண்டார் என்ற கதையோடு வெளிவந்தது. 1589இல் ஆங்கிலக் கடற்படைக்கு அஞ்சி எலும்புகளை ஒளித்து வைத்தார்கள்; ஒளித்த இடத்தையே மறந்தும் போனார்கள். 1879இல் தோண்டியெடுத்து, 1884இல் பதின்மூன்றாம் லியோ பாப்பரசர் இவை அவருடையவையே என்று அறிக்கை விடுத்தார். ஆதாரம் என்று பார்க்கப் புகுந்தால், சந்தியாகோவும் சாந்தோமும் ஒரே தட்டில்தான் நிற்கும். நம் நண்பர்கள் கண்ட வேற்றுமை ஆதாரத்தில் இல்லை. நடப்பவர் தோலின் நிறத்திலும், பயணச்சீட்டின் விலையிலும், காலில் போட்ட செருப்பிலும் இருக்கிறது.

இன்னொன்றும் கேட்கிறோம். நம் பாட்டனும் பாட்டியும் எந்த வழியாக இந்நாட்டுக்கு வந்தனர்? நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கி வந்தனர். 1973 வரை ஓடிய ரஜூலாக் கப்பலின் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களின் கதை எந்த வீட்டில் இல்லை? அந்த நாகப்பட்டினத்திற்கு அணித்தே வேளாங்கண்ணி. அந்தச் சென்னையின் ஒரு பகுதியே சாந்தோம். வேலைக்கென்றல்லாமல் வேறெதற்கும் கடல் கடக்கும் வாய்ப்பே இல்லாதிருந்த குலத்தார், தம் சொந்த விருப்பத்தால் கடல் கடக்கும் ஒரே வேளை இந்த யாத்திரைதான். கங்காணி அழைக்கவில்லை, துரை அனுப்பவில்லை, தாமே போகிறார்கள். இதை இகழ்வோர் அறிவாளிகள் அல்லர்; அடுத்தவன் ஊர் பார்ப்பதைப் பொறாதவர்கள்.

இனிப் பக்திக் கட்சியார்க்கு வருவோம். இவர்களுடைய குற்றம் போவதில் இல்லை. போய்ப் பார்க்காமல் வருவதில் இருக்கிறது.

தோமையார் வழி என்பது மூன்று படியுள்ளது. சைதாப்பேட்டைச் சின்னமலைக் குகையில் அவர் ஒளிந்திருந்தார் என்றும், பரங்கிமலை உச்சியில் கொல்லப்பட்டார் என்றும், மயிலாப்பூர்க் கடற்கரையில் அடக்கம் செய்யப்பட்டார் என்றும் மரபு கூறும். ஆகவே வழியின் முடிவு சாந்தோம் பேராலயம். இன்று நாம் காணும் வெண்ணிறக் கோதிக் கட்டடம் 1896இல் அபிஷேகம் செய்யப்பட்டது; தோட்டத்துப் பாட்டிமார் எண்ணுவதுபோல் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையதன்று. அதற்கு முன் அங்கிருந்தது போர்த்துகீசியர் 1523இல் கட்டத் தொடங்கிய கோயில். 1606இல் அது ஒரு மறைமாவட்டத்தின் தலைமைக் கோயிலாயிற்று. 1952இல் சென்னை மறைமாவட்டத்தோடு இணைந்து, சென்னை மயிலை உயர்மறைமாவட்டமாயிற்று. 1956இல் பசிலிக்கா என்னும் பட்டம் பெற்றது.

நாம் அங்குச் சென்றிருந்தபோது, ஒரு குழுவை அழைத்து வந்த வழிகாட்டி சொன்னதைக் கேட்டோம். "உலகத்திலேயே அப்போஸ்தலர் கல்லறைமேல் கட்டிய கோயில் மூன்றே மூன்று, ரோமாபுரி, சந்தியாகோ, நம்முடைய சாந்தோம்" என்றார். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டனர். இத்தாலி நாட்டிலேயே சலேர்னோவில் மத்தேயுவுக்கும், அமால்பியில் அந்திரேயாவுக்கும் கல்லறைக் கோயில்கள் உண்டென்பதை அவர்க்கு யார் சொல்வார்? அதுமட்டுமா? தோமையாரின் எலும்புகள் பழங்காலத்திலேயே எதெஸ்ஸா நகருக்குக் கொண்டுபோகப்பட்டன என்று கிறிஸ்தவ மரபே கூறுகிறது. பின்னர் அவை 1258இல் இத்தாலியின் ஓர்த்தோனாவுக்குச் சென்றன என்றும், அங்கே அவர் பெயரால் பேராலயம் உண்டென்றும் அம்மரபே கூறுகிறது. சாந்தோமின் பெருமைக்கு இந்த மூன்று என்னும் கணக்கு வேண்டியதே இல்லை. பொய்க் கணக்கை முட்டுக் கொடுத்து நிறுத்தும்போது மெய்யான பெருமையும் சேர்ந்து சாய்ந்துவிடும்.

அடுத்து அவர் காட்டியது கோயிலின் பின்புறம் கடலை நோக்கி நிற்கும் மரக்கம்பம். தோமையார் நட்டது, கடல் அதைத் தாண்டாது, 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோதும் இதற்கு அஞ்சித் திரும்பிவிட்டது என்றார். இங்கேதான் நமக்குப் பொறுக்கவில்லை.

அன்று காலை கடல் யாரைக் கொன்றது? சாந்தோமிலிருந்து கூப்பிடு தூரத்தில், அடையாற்று முகத்தில், சீனிவாசபுரம் என்னும் மீனவர் குடியிருப்பு இருக்கிறது. அங்கே வீடுகள் போயின, உயிர்கள் போயின. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற யாத்திரிகர் நூற்றுக்கணக்கில் அலையோடு போயினர். அங்கும் கோயிலுக்குள் நீர் புகவில்லை என்பதையே அதிசயமென்று கூறுவோர் உளர். கல்லும் சுண்ணாம்பும் பிழைத்தது அதிசயம். குழந்தை செத்தது கணக்கில் இல்லை! ஒரு கம்பத்தால் கடலைத் தடுக்க முடியுமானால், அது ஏன் கோயிலின் சுவரோடு நின்றுவிட்டது? குடிசைக்காரன் வாசல்வரை அதன் ஆணை செல்லாதா? இப்படிக் கேட்பது நாத்திகம் என்பர். அன்று, இப்படிக் கேட்காதிருப்பதே இறந்தவரை இரண்டாம் முறை புதைப்பதாகும்.

நம் ஊரார்க்கு இது விளங்காமலிருக்க நியாயமில்லை. 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள், நள்ளிரவு கழிந்து, ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணையின் நீர் திறந்துவிடப்பட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. மேட்டில் இருந்த கோயில்களும் வீடுகளும் தப்பின. பள்ளத்தில் இருந்தவை போயின. தப்பியதற்கு அன்று நாம் எந்தக் கம்பத்தையும் புகழவில்லை. அணை, மழை, ஆற்றோரக் குடியிருப்பு, எச்சரிக்கை என்று காரணம் கேட்டோம். வீட்டு வாசலில் கேட்ட கேள்வியைக் கடல் கடந்தவுடன் கைவிடுவது என்ன பக்தி?

இனி அந்தக் கல்லறையின் கதையிலேயே மிக முக்கியமான ஏட்டைப் புரட்டுவோம். தோமையாரைக் கொன்றவன் யார்?

மூன்றாம் நூற்றாண்டளவில் சிரியாக் மொழியில் எழுந்த தோமையார் பணிகள் என்னும் நூல், மஸ்தாய் என்னும் அரசன் ஆணையால் நான்கு போர்வீரர் ஈட்டியால் குத்தினர் என்று கூறுகிறது. மயிலாப்பூர் என்ற பெயரே அந்நூலில் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரை வழியே சென்ற வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ வேறு கதை கேட்டு எழுதினார். தோமையார் மயில்கள் சூழத் தவம் செய்திருந்தாராம். மயிலை எய்த வேடன் ஒருவனின் அம்பு அறியாமல் அவர்மேல் பாய்ந்ததாம். போர்த்துகீசியர் காலத்திலோ, பரங்கிமலையில் பின்னாலிருந்து ஈட்டி எறிந்தவன் ஒரு பிராமணன் என்று கதை மாறிற்று. ஒருவர் சாவுக்கு மூன்று கொலைகாரர்! சொல்லுகிறவன் யாரோ, அவன் வெறுக்கிறவனே கொலைகாரன் ஆகிறான் என்பதன்றி இதில் வேறு வரலாறு என்ன இருக்கிறது?

மார்க்கோ போலோ அத்தோடு நிற்கவில்லை. அம்பெய்த வேடன் கோவி என்னும் குலத்தான் என்றும், மாட்டிறைச்சி உண்ணும் அக்குலத்தார் எவரும் தோமையார் உடல் கிடக்கும் இடத்திற்குள் நுழைய முடியாதென்றும், பத்துப் பேர் சேர்ந்து பிடித்துத் தள்ளினாலும் அவர்களை உள்ளே நிறுத்த இயலாதென்றும், அது அப்புனிதரின் ஆற்றலென்றும் எழுதி வைத்தார். அவர் கோவி எனக் குறித்தது பறையர் எனப்பட்ட மக்களையே என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. தோழர்காள்! இதை இரண்டு முறை படியுங்கள். ஊரார் ஒரு சாதியாரை வாசலில் நிறுத்தினார்கள். வழிப்போக்கர் கேட்டார். "நாங்கள் தடுக்கவில்லை, புனிதர் தடுக்கிறார்" என்று விடை சொன்னார்கள். வெனிஸ்காரர் அதை அதிசயமென்று ஏட்டில் ஏற்றினார். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கல்லறை வாசலில் நின்ற அதிசயத்தின் பெயர் தீண்டாமை.

அதே பயணி இன்னொன்றும் எழுதினார். கிறிஸ்தவரோடு முஸ்லிம்களும் அங்கு யாத்திரை வந்தனர் என்றும், அவரைத் தங்களுக்கும் பெரியவராகப் போற்றினர் என்றும் எழுதினார். சமயம் வேறானவனுக்குக் கதவு திறந்திருந்தது. சாதி தாழ்ந்தவனுக்கு மூடியிருந்தது. இது ஒரு வரியில் தமிழ்நாட்டின் வரலாறு.

"அது பழங்கதை, இன்று அப்படியில்லை" என்று சிலர் எழுவர். இன்று சாந்தோமில் எவரும் சாதி கேட்டு நிறுத்துவதில்லை. அதை மகிழ்ந்து ஒப்புகிறோம். ஆனால் அங்கு வந்து மண்டியிடுவோர் எங்கிருந்து வருகின்றனர்? நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்துக் கோயிலைச் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்தே கட்டினார்கள். 1910இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் அந்தத் தடுப்பை இடித்தெறிந்தபோது, மேற்சாதிக் கிறிஸ்தவர் சென்னை உயர்நீதிமன்றம் வரை வழக்காடித் தோற்றனர். திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்திற்குள்ளேயே சாதிச் சுவர் எழுப்பிப் பிணத்தையும் பிரித்தார்கள். அதை இடிக்கக் கோரி நம் காலத்தில் போராட்டங்கள் நடந்தன. எறையூரில் 2008 மார்ச்சில், தலித் கிறிஸ்தவர் தமக்குத் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி எழுந்த கலவரம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து, இருவர் உயிரைக் குடித்தது. அரசாங்கமும் தன் பங்குக்கு 1950ஆம் ஆண்டு ஆணையால், இந்து அல்லாதவர்க்குப் பட்டியல் சாதி உரிமை இல்லை என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தும், கிறிஸ்தவரையும் முஸ்லிம்களையும் வெளியே நிறுத்தியது. கோயிலுக்குள் பறையன் என்று தள்ளுகிறார்கள்; கச்சேரிக்குப் போனால் நீ கிறிஸ்தவன் ஆயிற்றே என்று தள்ளுகிறார்கள். கோவிக்காரன் இன்னும் வாசலில்தான் நிற்கிறான். வாசல்தான் இடம் மாறியிருக்கிறது.

இது நம் மலைக்குச் சம்பந்தமில்லாத செய்தியா? சாந்தோமில் முத்தமிட்டுத் திரும்பிய உதடு, மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது "அவங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கிறதா இல்லையா? கேட்கிறதென்றால், அந்த உதடு முத்தமிட்டது கல்லறையை அன்று, மார்க்கோ போலோ கண்ட அந்த அடைத்த கதவை.

நகரத்தில் படிக்க வேண்டிய வேறோர் ஏடும் உண்டு. மயிலையின் கபாலீசுவரர் கோயில் முன்னாளில் கடற்கரையோரம் இருந்தது என்பதும், போர்த்துகீசியர் காலத்தில் அது அழிந்தது என்பதும், இப்போதைய கோயில் பின்னர் உள்ளே தள்ளிக் கட்டப்பட்டது என்பதும் வரலாற்றாசிரியர் கருத்து. சாந்தோம் வளாகத்திலேயே பழங்கோயிலின் தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. இதை யாத்திரைக் குழுவினரிடம் சொல்லாது மறைப்பாரும் உளர். இதையே உரக்கச் சொல்லி இன்றைய மீனவக் கிறிஸ்தவன்மேல் பகை மூட்டுவாரும் உளர். மறைப்பவன் கல்லை ஒளிக்கிறான். மூட்டுபவன் அதே கல்லை எறிகிறான். இருவரும் கல்வெட்டைப் படிக்கவில்லை. இடித்தவன் கடல் கடந்து வந்த படைக்காரன். அவன் கையிலிருந்து அந்நகர் 1662இல் கோல்கொண்டாவிடம் போயிற்று. 1672இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். 1674இல் அதை இழந்து புதுச்சேரியைப் பற்றிக்கொண்டனர். 1749இல் ஆங்கிலேயர் சேர்த்துக்கொண்டனர். கொடி மாறிற்று, கட்டுமரம் தள்ளுகிறவன் மாறவில்லை. அவனிடமா பழி வாங்குவது?

இவ்விடத்தில் சந்தியாகோவின் மணிகளை நினைவு கூர்தல் பொருந்தும். 997இல் கோர்தோபாவின் தளபதி அல்மன்சூர் அந்நகரைச் சூறையாடி, கோயில் மணிகளைக் கிறிஸ்தவக் கைதிகளின் தோளில் ஏற்றிக் கோர்தோபாவுக்குக் கொண்டுபோனான் என்று பழைய ஏடுகள் கூறும். 1236இல் மன்னன் பெர்னாந்து கோர்தோபாவை வென்று, அதே மணிகளை முஸ்லிம் கைதிகளின் தோளில் ஏற்றித் திருப்பி அனுப்பினான் என்றும் அவை கூறும். இரு பக்கத்தாரும் தத்தம் கடவுள் வென்றார் என்று பாடினர். வென்ற கடவுள் எவராயினும், மணியைச் சுமந்த தோள் மட்டும் வறியவன் தோளாகவே இருந்தது. பழிக்குப் பழி என்பதன் முழுக் கணக்கும் இவ்வளவே.

சாந்தோமிலிருந்து நம் நாட்டுக்கு ஒரு நேர்வழி உண்டென்பதையும் நம் யாத்திரிகர் அறியார். பிரான்சிஸ் சவேரியார் 1545இல் சில திங்கள் சாந்தோமில் தங்கி, அங்கிருந்து கப்பலேறி, அதே ஆண்டு மலாக்கா வந்து சேர்ந்தார். 1552இல் சீனக் கரையருகே அவர் இறந்தபின், 1553இல் அவர் உடல் மலாக்காக் குன்றின்மேல் சிறிது காலம் கிடந்து, பின்பே கோவா சென்றது. அவருக்கு முன்பே சோழமண்டலக் கரையின் துணியை மலாக்காச் சந்தையில் விற்றவர்கள் தமிழ் வணிகர். ஆகவே நாம் பிழைக்க வந்த அந்நியர் மட்டும் அல்லேம். ஒரு பழைய கடல் வழியின் இரு முனையையும் அறிந்த மக்கள். இதை ஒரு யாத்திரைக் குழு அறிந்துகொண்டு திரும்புமானால், அது கொண்டுவரும் எந்த மண் பொட்டலத்தினும் விலையுயர்ந்தது.

மண் பொட்டலம் என்றோம். கல்லறை மண்ணைக் கரைத்துக் குடித்தால் காய்ச்சல் தீரும் என்று அன்றைய மக்கள் நம்பியதையும் மார்க்கோ போலோ குறித்துள்ளார். அன்று அவர்களுக்கு வேறு மருந்து இல்லை. அவர்களை நாம் நகையோம். இன்றோ கடைத்தெருவைத் தாண்டினால் அரசாங்கக் கிளினிக் இருக்கிறது. காய்ச்சல் கண்ட குழந்தைக்கு மண் கரைத்து ஊற்றுவது பக்தியன்று, குற்றம். நினைவுக்கு வேண்டுமானால் மண்ணை ஒரு குப்பியில் வைத்துக்கொள்ளுங்கள், நாவில் வைக்காதீர்கள்.

இனி, செய்ய வேண்டியதைச் சொல்லி முடிப்போம். குறை கூறிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வது நம் வழக்கமன்று. அடுத்த யாத்திரைக்குப் பெயர் கொடுக்கும் தோட்டத்தார் கீழ்க்கண்டவற்றைக் கேட்டுப் பெற வேண்டும்.

முதலாவது, கடன் கூடாது. இந்நாட்டில் 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் திங்களுக்கு 1,700 வெள்ளி ஆயிற்று. அதில் வீடும் பள்ளியும் போக மிஞ்சுவது என்ன என்பதைச் செக்ரோல் எழுதும் நாம் நன்கறிவோம். வட்டி முதலையின் வாயில் கையை விட்டுப் புனிதரின் காலைத் தொடச் சொல்லும் சமயம் எதுவும் இல்லை. ஓராண்டோ ஈராண்டோ சிறுகச் சேர்த்துப் போகட்டும். குழந்தைகளின் படிப்புப் பணத்தில் ஒரு காசும் தொடுதல் ஆகாது. சேர்ந்த பணத்திற்கும் செலவிற்கும் பொதுவில் கணக்குப் படித்துக் காட்டாத ஏற்பாட்டாளனை நம்புதல் வேண்டா.

இரண்டாவது, நகருக்கென்று ஒரு முழு நாள் வேண்டும். இப்போது காலையில் இறக்கி, முத்தமிடச் செய்து, பிற்பகலில் புடைவைக் கடையில் கொண்டுபோய் விடுகிறார்கள். அது வேண்டா. சின்னமலை, பரங்கிமலை, சாந்தோம் மூன்றையும் வரிசையாகப் பார்க்கட்டும். பரங்கிமலையில் 1547இல் கிடைத்த கற்சிலுவையில் தமிழன்று, பாரசீகத்துப் பகலவி எழுத்து இருப்பதைக் கண்டு, அது எவர் கையால் வந்தது என்று கேட்கட்டும். கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்தையும் சுற்றி வரட்டும். சீனிவாசபுரத்துக் கரையில் ஒரு நாழிகை நின்று, 2004இல் போனவர்களுக்குத் தலை வணங்கட்டும். புறப்படுமுன் நம் வாசகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ கூடி, அந்நகரின் வரலாற்றை அறிந்தவர் ஒருவர் எடுத்துச் சொல்லட்டும். எழுத்தறியாதார் எவரும் விடுபடாதபடி உரக்கப் படிக்கட்டும்.

மூன்றாவது, குழுவில் சாதியும் சமயமும் கேளாதிருத்தல் வேண்டும். இந்துவும் முஸ்லிமும் வர விரும்பினால் வரட்டும். மார்க்கோ போலோ காலத்திலேயே வந்தவர்கள்தாம். ஒரே வண்டி, ஒரே பந்தி, ஒரே அறை. சாதி பார்த்து அறை கேட்பவர் எவரேனும் இருப்பின், அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்து வீட்டிலேயே இருக்கச் செய்க.

நான்காவது ஒன்றும் உண்டு. அதற்குப் பயணச்சீட்டு வேண்டா. இன்று நம் தோட்டங்களில் கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் வங்காள தேசத்தாரும் நேபாளத்தாரும் இந்தோனேசியரும் ஆவர். நம் பாட்டன் உறங்கிய அதே லயத்தில் அவர்கள் உறங்குகின்றனர். நம் பாட்டி சுமந்த அதே கூடையைச் சுமக்கின்றனர். நம்மவர் பலர் இன்று அவர்களை அழைக்கும் சொல்லையும், கடையில் அவர்களைக் கண்டால் சற்று விலகி நிற்கும் நிலையையும் நாம் அன்றாடம் பார்க்கிறோம். ஆயிரம் கல் கடந்து போய் ஓர் அந்நியரின் கல்லறையில் மண்டியிடுகிறோம். தோமையார் என்று நாம் போற்றும் அவரும், மரபின்படி, கடல் கடந்து வேலைக்கு வந்த தச்சரே. அந்தத் தச்சருக்கு மலர் தூவும் கை, பக்கத்து வீட்டுக் கூலிக்காரனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கத் தயங்குமாயின், அந்த மலர் எதற்கு?

போகட்டும், நம் மக்கள் போகட்டும்! கடன்படாமல் போகட்டும், கண்ணைத் திறந்து போகட்டும். கல்லறையைப் பார்த்தபின் கதவையும் பார்க்கட்டும். அந்தக் கதவில் ஒருகாலத்தில் யாரை நிறுத்தினார்கள் என்று கேட்கட்டும். அக்கேள்வியோடு மலையேறி வருகிறவர்களை நாம் தப்பாவிலேயே எதிர்கொண்டு வரவேற்போம்.